அண்ணனுக்கு ஃப்ளை ஃபிஷிங் கிட்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது?

திருப்பூர்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "எங்க அண்ணன் பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர். ஊட்டி போய்ட்டு வந்ததுல இருந்து ஃப்ளை ஃபிஷிங் வீடியோவா பார்த்துட்டு இருக்கார். பிறந்தநாளுக்கு ஒரு கிட் வாங்கித் தரலாமா?"

தாராளமா வாங்கலாங்க. ஆனா முதல்ல அது என்னன்னு புரிஞ்சுக்கணும்.

சாதாரண தூண்டில்ல இரையோட எடைதான் நரம்பை இழுத்துட்டுப் போகும். ஃப்ளை ஃபிஷிங்ல தூண்டில் முள்ளுல நூலும் இறகும் சுத்தி, பூச்சி மாதிரி ஒண்ணு செய்வாங்க. அதுதான் ஃப்ளை. அதுக்கு எடையே கிடையாது. அதனால எடை முழுக்க லைன்ல இருக்கும். சாட்டை மாதிரி வீசுனா லைன் பறக்கும், ஃப்ளை அது பின்னாடியே போகும்.

இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. பிரிட்டிஷ்காரங்க 1860-கள்லயே நீலகிரி ஓடைகள்ல ட்ரவுட் மீனை வளர்க்கப் பார்த்தாங்க, சரியா வரலை. அப்புறம் எச்.சி. வில்சன் முயற்சியில 1907-ல அவலாஞ்சியில குஞ்சு பொரிப்பகம் வந்தது. அந்த ட்ரவுட்டுக்காகத்தான் நீலகிரியில ஃப்ளை ராட் வந்துச்சு.

இப்போ வாங்குற விஷயம். ராடும் லைனும் ஒரே எண்ணா இருக்கணும். ஆரம்பிக்கிறவங்களுக்கு 9 அடி நீளம், 5-ம் எண் ராட் போதும். 5-ம் எண் லைன்னா அதோட முதல் 30 அடி கிட்டத்தட்ட 9 கிராம் இருக்கும். 5-ம் எண் ராட்ல 8-ம் எண் லைன் போட்டா, ரெண்டு லைப்ரரி வெர்ஷன் ஒத்துப்போகாத மாதிரிதான். அதனால தனித்தனியா வாங்காதீங்க. ராட், ரீல், லைன், லீடர் எல்லாம் சேர்ந்த ஒரே செட் வாங்குங்க.

எண்கள்ல ஒரு குழப்பம் இருக்கு. ராட் எண் கூடுனா கனம் கூடும். லீடர் நுனியில 4எக்ஸ், 5எக்ஸ்னு போட்டிருக்கும். அங்க எண் கூடக் கூட மெல்லிசாகும். 4எக்ஸ் சுமார் 0.18 மில்லிமீட்டர். முள்ளும் அப்படித்தான், 16-ஐ விட 8 பெருசு. காட்டன் கவுண்ட் தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்லை. 30-ஐ விட 40 கவுண்ட் நூல் மெல்லிசுதானே.

அடுத்து ஃப்ளை கட்டுற கிட். இதுக்கான நூலுக்கு டெனியர்ல கணக்கு. 140 டெனியர் பாலியஸ்டர் ஆரம்பத்துக்கு நல்லது, சட்டுன்னு அறுந்து போகாது. தையல் நூலை விட முறுக்கு கம்மியா இருக்கணும். அப்போதான் முள்ளு மேல தட்டையா உட்காரும், புடைக்காது. காசை வைஸ்ல போடுங்க. முள்ளை ஆடாம பிடிக்கிற குட்டி பிடிப்பான் அது. அதோட பாபின் ஹோல்டர், கூரான சின்னக் கத்தரி, 8 அல்லது 10-ம் எண் முள்ளு. இவ்வளவு போதும். ஐம்பது வகை பொருள் அடைச்ச பெட்டியில பாதி அலமாரியிலயே தூங்கும்.

இனிமே சொல்றது ரொம்ப முக்கியம். சில கிளாசிக் ஃப்ளைகள்ல வெள்ளையும் மஞ்சளுமா பொட்டு வச்ச, எனாமல் பூசுன மாதிரி பளபளக்கிற இறகு இருக்கும். வெளிநாட்டு வீடியோவுல 'ஜங்கிள் காக்'னு சொல்வாங்க. அது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற சாம்பல் காட்டுக்கோழியோட கழுத்து இறகு. உடுமலைக்கு மேல ஆனைமலைக் காட்டுலயும் அது இருக்கு. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்குது. ஆன்லைன்ல கிடைச்சாலும் வாங்காதீங்க. ஆசையா கொடுக்கிற பரிசு கேஸ்ல போய் முடியக் கூடாது. மயிலிறகும் ஃப்ளை கட்ட நிறைய பயன்படும். தானா உதிர்ந்ததா இருந்தா உள்நாட்டுல வச்சுக்கலாம், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சந்தேகமா இருந்தா நாட்டுக்கோழி இறகும் கம்பளி நூலும் போதும்.

எங்க பிடிக்கிறது? அமராவதி அணையில ஜிலேபி மீன் இருக்கு, முதலையும் இருக்கு. அனுமதி இல்லாம போகாதீங்க, தண்ணிக்குள்ள இறங்கவே இறங்காதீங்க. நீலகிரியிலயும் மீன்வளத்துறை, வனத்துறை கிட்ட கேட்டுட்டுத்தான் போகணும்.

அதுவரைக்கும் பழக தண்ணியே வேண்டாம். காலி மைதானம் ஒண்ணு போதும். முள்ளுக்குப் பதிலா லீடர் நுனியில கலர் நூல் துண்டு ஒண்ணைக் கட்டி வீசிப் பழகலாம். உலகம் முழுக்க இப்படித்தான் கத்துக்கிறாங்க. நூல் துண்டுக்கு திருப்பூர்ல பஞ்சமா என்ன?

பட்ஜெட் கம்மின்னா இந்த வருஷம் ராட் செட், அடுத்த வருஷம் ஃப்ளை கிட். ஆனா ராட் கூடவே ஒரு தொப்பியும் கூலிங் கிளாஸும் வச்சுக் கொடுங்க. வீசும்போது முள்ளு காது பக்கமாத்தான் போகும். கண்ணு முக்கியம்ங்க.