இரத்மலானை விமான நிலையமும் அதன் சுற்றாடலும்

கொழும்பு மாநகரிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், தெகிவளையையும் கல்கிசையையும் கடந்ததும் இரத்மலானையை அடைவர். வீதியின் இருமருங்கிலும் கடைகளும் தொழிற்சாலைகளும் குடிமனைகளும் நெருங்கி நிற்கின்றன. அவற்றுக்கப்பால் பரந்ததொரு வெளி உண்டு. அதுவே கொழும்பின் முதலாவது குடிசார் விமான நிலையமாகும்.

விமான நிலையத்துக்கு ஏற்ற நிலத்தைத் தேர்வது எளிதன்று. நிலம் சமதரையாக இருத்தல் வேண்டும். நகருக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். ஆயினும் நகரின் நெருக்கம் அதனைத் தீண்டலாகாது. 1934ஆம் ஆண்டில் அரசாங்க சபை இந்நிலையத்தை அமைக்கத் தீர்மானித்தபோது இரத்மலானை இம்மூன்று தேவைகளையும் நிறைவு செய்தது. காலி வீதியும் கரையோரப் புகையிரதப் பாதையும் அருகிலேயே சென்றன.

1935 நவம்பர் 27ஆந் திகதி, சென்னை விமானக் கழகத்தின் பயிற்றாசிரியர் டின்டேல் பிஸ்கோ செலுத்திய ‘பஸ் மொத்’ என்னும் சிறு விமானம் இங்கு முதன்முதலாக இறங்கிற்று. 1938இல் டாட்டா நிறுவனத்தின் விமானத் தபாற் சேவை கொழும்புவரை நீண்டது. இலண்டனிலிருந்து கராச்சிக்கு விமானத்தில் வந்த தபால், அங்கிருந்து சென்னை வழியாக இரத்மலானையை அடைந்தது. கப்பலில் வாரக்கணக்காக வந்த கடிதங்கள் சில நாட்களிலேயே கைக்கெட்டின.

அடுத்து வந்தது போர். 1942 ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இங்கு நிறுத்தப்பட்டிருந்த ‘ஹரிக்கேன்’ போர் விமானங்கள், பகைவர் தலைக்குமேல் வந்துவிட்ட வேளையிலேயே மேலெழ நேர்ந்தது. அண்மையிலிருந்த புகையிரத வேலைத்தளமும் தாக்குதலுக்குள்ளாயிற்று.

போர் முடிந்தபின் நிலையம் மீண்டும் பயணிகளுக்குரியதாயிற்று. 1947 டிசம்பர் 10ஆந் திகதி ‘எயர் சிலோன்’ நிறுவனத்தின் முதற் பயணம் இங்கிருந்து தொடங்கியது. ‘டக்கோட்டா’ விமானம் காங்கேசன்துறையில் இறங்கி, பின் சென்னை சென்றது. புகையிரதத்தில் ஓர் இரவு முழுவதும் பிரயாணஞ் செய்த வடபகுதி மக்களுக்குத் தலைநகர் சில மணி நேரத் தொலைவாயிற்று.

இதற்கிடையில் சுற்றாடலும் மாறிற்று. நிலையமும் வேலைத்தளமும் தொழிலாளரை அழைத்தன. தொழிலாளர் வரவே வீடுகளும் கடைகளும் பெருகின. நிலையம் விரிவதற்கு வேண்டிய நிலத்தை, அதன் அருகாமையை நாடி வந்தோரே நிரப்பினர். பாரமும் வேகமும் மிகுந்த ஜெட் விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதை இன்றியமையாதது. இரத்மலானையின் ஓடுபாதை சுமார் 1,800 மீற்றர். மேற்கே காலி வீதியும் கடலும், கிழக்கே அத்திடியச் சதுப்பு நிலமும் அதனை மறித்தன. ஆகவே 1960களின் பிற்பகுதியில் சர்வதேசப் போக்குவரத்து கட்டுநாயக்காவுக்கு மாறியது. அங்குள்ள ஓடுபாதை 3,350 மீற்றர் நீளமுடையது.

எனினும் அவ்வெளியின் பயன் ஒழிந்துவிடவில்லை. 1983 யூலை வன்செயலில் வீடிழந்த தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கானோர் இங்குள்ள விமானக் கொட்டகையில் தஞ்சம் புகுந்தனர். வன்செயலுக்குத் தப்பிய பலர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றனர். 1947இல் முதல் விமானம் சென்று இறங்கிய ஊருக்கே, அவர்கள் அகதிகளாய்க் கடல்வழியே போக நேர்ந்தது. கொழும்பின் வரலாற்றை எழுதுவோர் இதனையும் எழுதுதல் கடனாகும்.

1990இல் பெல்லன்வில–அத்திடியச் சதுப்பு நிலம் சரணாலயமாக்கப்பட்டது. மழைவெள்ளத்தை ஏந்தி நின்று சுற்றுப்புறக் குடிமனைகளைக் காப்பது அதுவே. 2022 மார்ச்சில், ஐம்பதாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், மாலைதீவிலிருந்து ஒரு சர்வதேச விமானம் இரத்மலானையில் இறங்கியது.

வெற்றுநிலம் என்று தோன்றுவது ஒரு காலத்தில் தபாலுக்கு வழியாகும். மற்றொரு காலத்தில் மனிதருக்குப் புகலிடமாகும். ஒருமுறை அதனை நிரப்பிவிட்டால் மீட்பது அரிது. வளர்ந்துவரும் நகரங்கள் யாவும் இரத்மலானையிடம் கற்கவேண்டிய பாடம் இது.