‘கேஸ்லைட்டர்’: 14 வருஷம் கழித்து வந்த பிரேக்-அப் ஆல்பம்... ஆனா இது ‘சூப் சாங்’ இல்ல!

அதிபரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் பேசியதற்காக ரேடியோவிலிருந்து துரத்தப்பட்ட மூன்று பெண்கள், 2020-ல் ஒரு காதல் தோல்வி ஆல்பத்தோடு திரும்பி வந்தார்கள். யார் இந்த ‘தி சிக்ஸ்’? அந்த ஆல்பத்தில் அப்படி என்ன இருக்கிறது?

‘நீதான் ஓவரா யோசிக்கிற.’ ‘அப்படி ஒண்ணு நடக்கவே இல்லையே.’ ‘உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான்.’

தப்பு செய்தவரே இப்படிப் பேசிப் பேசி, எதிரில் இருப்பவரைத் தன் நினைவையே சந்தேகப்பட வைப்பதற்கு ‘கேஸ்லைட்டிங்’ என்று பெயர். இன்று ரீல்ஸ் கமென்ட்டுகளில் சர்வசாதாரணமாகப் புழங்கும் வார்த்தை. 1938-ல் பேட்ரிக் ஹாமில்டன் எழுதிய ‘கேஸ் லைட்’ என்ற நாடகத்திலிருந்து வந்தது. வீட்டில் கேஸ் விளக்கு மங்குவதைப் பார்க்கும் மனைவியிடம், ‘அதெல்லாம் உன் பிரமை’ என்று சாதிக்கும் கணவனின் கதை அது. 2022-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இதை அந்த ஆண்டின் வார்த்தையாகவே அறிவித்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2020 மார்ச்சில், இதே வார்த்தையை வைத்து ஒரு பாட்டு வந்துவிட்டது. பாடியவர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கன்ட்ரி பாப் குழுவினர். அப்போது அவர்கள் பெயர் ‘டிக்ஸி சிக்ஸ்’. ஜூலை 17 அன்று ‘கேஸ்லைட்டர்’ ஆல்பம் வெளியானபோது பெயர் ‘தி சிக்ஸ்’ என்று மாறியிருந்தது. 2006-க்குப் பிறகு அவர்கள் வெளியிட்ட முதல் ஸ்டூடியோ ஆல்பம் இதுதான்.

முதல்ல, கன்ட்ரி பாப்-னா என்ன?

கச்சிராயபாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கோமுகி அணை, பின்னால் கல்வராயன் மலை, சுற்றிலும் நெல்லும் கரும்பும், ஊருக்கென்று ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை. இந்தப் பக்கம் நடவு வயலில் பாடுகிற பாட்டின் மெட்டையும், ஊர்ப் பேச்சையும் அப்படியே எடுத்து, கிடாரும் டிரம்ஸும் சேர்த்து, சென்னை ஸ்டூடியோவில் பதிவு செய்து எஃப்.எம்-மில் ஓடவிட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் கன்ட்ரி பாப்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமங்களில் பிறந்த இசை கன்ட்ரி. பிரிட்டன், அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஃபிடிலும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக வந்த பான்ஜோவும் அதில் கலந்திருக்கின்றன. நிலம், வேலை, குடும்பம், சாராயம், காதல், பிரிவு... இவைதான் பாடுபொருள். அதையே நகரத்துக் காதுக்கும் பிடிக்கிற மாதிரி கொடுத்தால் கன்ட்ரி பாப்.

இதில் நமக்குப் புதிதாகத் தெரியக்கூடிய ஒன்று, குரல்கள் சேரும் விதம். நம் பாட்டுகளில் பெரும்பாலும் ஒருவர் பாடுவார், கோரஸ் பின்னால் வாங்கிப் பாடும். இங்கே மூன்று பேரும் ஒரே வரியை, ஒரே நேரத்தில், மூன்று வேறு சுருதி உயரங்களில் பாடுகிறார்கள். இதுதான் ‘ஹார்மனி’. சோகமான ஒரு வரியை ஒருத்தி பாடும்போது, இரண்டு பக்கமும் இரண்டு பேர் தோள் கொடுத்து நிற்கிற மாதிரி கேட்கும்.

யார் இந்த மூன்று பேர்?

1989-ல் டெக்சாஸின் டல்லாஸ் நகரில் நான்கு பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு இது. அதில் மார்ட்டியும் எமிலியும் அக்கா தங்கை. மார்ட்டி ஃபிடில் வாசிப்பார், எமிலி பான்ஜோ. மற்ற இருவரும் விலகிய பிறகு, 1995-ல் முன்னணிப் பாடகியாக வந்து சேர்ந்தவர் நாட்டலி மேன்ஸ். இவர் டெக்சாஸின் பெயர்பெற்ற ஸ்டீல் கிடார் கலைஞர் லாயிட் மேன்ஸின் மகள்.

நாட்டலி வந்த பிறகு எல்லாமே மாறியது. 1998-ல் ‘வைட் ஓப்பன் ஸ்பேசஸ்’, 1999-ல் ‘ஃப்ளை’ என அடுத்தடுத்து இரண்டு ஆல்பங்கள். இரண்டும் அமெரிக்காவில் தலா 1 கோடிக்கு மேல் விற்பனையாகி ‘டைமண்ட்’ சான்றிதழ் வாங்கின. கன்ட்ரி ரேடியோவைத் திருப்பினால் இவர்கள் குரல் என்ற நிலை.

2003-ல் என்ன நடந்தது?

2003 மார்ச் 10. ஈராக் மீது அமெரிக்கா படையெடுக்கப் பத்து நாள்கூட முழுதாக இல்லை. லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் மேடையேறிய நாட்டலி, இந்தப் போர் தங்களுக்கு வேண்டாம் என்றும், அதிபர் ஜார்ஜ் புஷ் தங்கள் ஊரான டெக்சாஸைச் சேர்ந்தவர் என்பதில் வெட்கப்படுவதாகவும் சொன்னார். லண்டன் ரசிகர்கள் கைதட்டினார்கள். செய்தி அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் கதை மாறியது.

அப்போது அவர்களின் ‘டிராவலின் சோல்ஜர்’ பாட்டு பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் முதல் இடத்தில் இருந்தது. வியட்நாம் போருக்குப் போன சிப்பாயின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை அது. ‘ராணுவத்துக்கு எதிரானவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் பாட்டுதான் இது! சில வாரங்களிலேயே பட்டியலிலிருந்து காணாமல் போனது.

ஊர் ஊராக ரேடியோக்கள் அவர்கள் பாட்டை நிறுத்தின. க்யூமுலஸ் நிறுவனம் தன் கன்ட்ரி நிலையங்கள் அனைத்திலும் தடை போட்டது. லூசியானாவில் அவர்களின் சி.டி-க்களைக் குவித்து டிராக்டர் ஏற்றி நசுக்கினார்கள். கொலை மிரட்டல் வந்ததால், டல்லாஸ் நிகழ்ச்சியைப் பலத்த பாதுகாப்போடுதான் நடத்த முடிந்தது.

ஒரு கம்பெனி நினைச்சா ஒரு குரலை நிறுத்திட முடியுமா?

முடிந்தது. காரணம், 1996-ல் வந்த அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம். ஒரே நிறுவனம் நாடு முழுக்க இத்தனை ரேடியோ நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை அது நீக்கியது. பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கான நிலையங்களை வாங்கிக் குவித்தன. எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்ற முடிவு, உள்ளூர் அறிவிப்பாளரிடமிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போனது. ஸ்பாட்டிஃபை, யூடியூப் எல்லாம் வராத காலம் அது. ரேடியோ கதவு சாத்தினால் வேறு வழியே இல்லை.

பெண்களுக்கு அந்தக் கதவு முதலிலிருந்தே பாதிதான் திறந்திருந்தது. 2015-ல் கீத் ஹில் என்ற ரேடியோ ஆலோசகர், கன்ட்ரி ரேடியோ ஒரு சாலட் என்றால் ஆண் பாடகர்கள்தான் அதில் லெட்டூஸ் கீரை, பெண்கள் மேலே தூவும் தக்காளி என்று பேட்டி கொடுத்தார். பெண்கள் பாடியதை அடுத்தடுத்து ஒலிபரப்ப வேண்டாம் என்பது அவர் தந்த ஆலோசனை. பெரிய சர்ச்சையாகி, அதற்கு ‘டொமேட்டோ-கேட்’ என்று பெயரே வந்துவிட்டது.

அப்புறம் 14 வருஷம் என்ன செய்தார்கள்?

சர்ச்சை வெடித்த சில நாள்களில், அதிபர் பதவியை அவமதித்த விதத்தில் பேசியதற்காக நாட்டலி மன்னிப்புக் கேட்டிருந்தார். 2006-ல் ‘டைம்’ இதழிடம் அந்த மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த வருஷம் வெளியான ‘டேக்கிங் தி லாங் வே’ ஆல்பம் 2007 கிராமி விழாவில் 5 விருதுகளை அள்ளியது. ஈராக்கில் பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்பதை அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே 2004-ல் சொல்லிவிட்டிருந்தது.

ஆனாலும் ரேடியோ மனம் மாறவில்லை. அதன் பிறகு மூவரும் சேர்ந்து ஸ்டூடியோ ஆல்பம் எதுவும் செய்யவில்லை. அக்கா தங்கை ‘கோர்ட் யார்டு ஹவுண்ட்ஸ்’ என்ற பெயரில் தனியாகப் பாடினார்கள். நாட்டலி 2013-ல் ஒரு தனி ஆல்பம் வெளியிட்டார். குழந்தைகள் வளர்ந்தார்கள். மூவரின் திருமண வாழ்க்கையும் விவாகரத்தைப் பார்த்தது. நாட்டலியின் வழக்கு 2017-ல் தொடங்கி 2019 கடைசியில்தான் முடிந்தது. புது ஆல்பம் உருவானது அந்த நாள்களில்தான்.

இடையில் வெளியுலகம் அவர்களை மறக்கவில்லை. 2016-ல் கன்ட்ரி விருது விழா மேடையில் பியான்ஸே இவர்களோடு சேர்ந்து பாடினார். 2019-ல் டெய்லர் ஸ்விஃப்ட் தன் ‘லவர்’ ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு இவர்களை அழைத்தார். இவர்கள் பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது.

சரி, ஆல்பத்துல என்ன இருக்கு?

மொத்தம் 12 பாட்டுகள். பெரும்பாலானவற்றைத் தயாரித்தவர், டெய்லர் ஸ்விஃப்ட்டோடு வேலை செய்த ஜாக் ஆன்டனாஃப். பான்ஜோவும் ஃபிடிலும் அப்படியே இருக்க, பாப் சத்தம் கூடியிருக்கிறது.

தலைப்புப் பாட்டான ‘கேஸ்லைட்டர்’ மூன்று குரல்களும் சேர்ந்து அந்த ஒற்றை வார்த்தையை வீசுவதில் ஆரம்பிக்கிறது. பொய் சொன்ன கணவனிடம், நீ செய்தது உனக்கே தெரியும் என்று நேருக்கு நேர் சொல்லும் பாட்டு. அதில் ஒரு படகு பற்றிய குறிப்பு வரும். அந்தப் படகில் என்ன கிடைத்தது என்பதை ‘டைட்ஸ் ஆன் மை போட்’ என்ற இன்னொரு பாட்டு சொல்லிவிடும். ‘ஸ்லீப் அட் நைட்’ கேட்பது ஒரே கேள்வி: உனக்கு எப்படித் தூக்கம் வருகிறது?

இதோடு நின்றிருந்தால், இது பழிவாங்கும் ஆல்பமாக முடிந்திருக்கும். ‘யங் மேன்’ பாட்டில் அம்மா தன் மகனிடம் பேசுகிறாள். என் வலி என்னுடையது, அதை நீ சுமக்க வேண்டாம், அப்பாவிடம் இருக்கும் நல்லதை எடுத்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். கோபத்தில் இருக்கும் ஒருத்தி, பிள்ளைக்காகத் தன் நாக்கைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் இடம் அது.

‘ஜூலியானா காம் டவுன்’ பாட்டில் தங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, மனசு உடைந்தாலும் தலை நிமிர்ந்து நட என்கிறார்கள். சங்கப் பாடல்களில் தலைவிக்கு ஒரு தோழி இருப்பாளே, அந்தத் தோழியின் குரல் இது. ‘டெக்சாஸ் மேன்’ பாட்டில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், மறுபடியும் காதல் வேண்டும் என்று வெட்கமில்லாமல் கேட்கிறாள். கடைசிப் பாட்டான ‘செட் மீ ஃப்ரீ’ சத்தமெல்லாம் அடங்கி, என்னை விட்டுவிடு என்ற கெஞ்சலில் முடிகிறது.

இதுக்கும் ‘சூப் சாங்’குக்கும் என்ன வித்தியாசம்?

2011-ல் ‘3’ படத்துக்காக தனுஷ் பாடிய ‘ஒய் திஸ் கொலவெறி டி’ நம் ஊரில் காதல் தோல்விப் பாட்டுக்கு ‘சூப் சாங்’ என்ற பெயரை நிலைக்க வைத்தது. அந்த வகைப் பாட்டில் பேசுகிறவன் பெரும்பாலும் ஆண். கையில் கிளாஸ், பக்கத்தில் நண்பர்கள், குற்றவாளி அந்தப் பெண். விட்டுப் போனவளின் தரப்பு என்ன என்று பாட்டு கேட்பதே இல்லை.

‘கேஸ்லைட்டர்’ அந்தத் தரப்பிலிருந்து பேசுகிறது. இங்கே பிரிவு என்பது பிள்ளைகள், வீடு, கையெழுத்து, கோர்ட், அடுத்த வாழ்க்கை எல்லாம் சேர்ந்தது. நமக்கு இது ரொம்ப அந்நியமும் இல்லை. நம் கிராமத்து ஒப்பாரியில் பெண்கள் இறந்தவருக்காக மட்டும் அழுவதில்லை. புகுந்த வீட்டில் பட்ட அவமானம், அண்ணன் தம்பி கைவிட்டது என மற்ற நாள்களில் வாய்திறந்து சொல்ல முடியாததை எல்லாம் மெட்டில் வைத்து, ஊர் கேட்கச் சொல்லிவிடுவார்கள். பாட்டாகச் சொன்னால் யாரும் தடுக்க முடியாது. அந்தச் சுதந்திரம்தான் இந்த ஆல்பத்திலும் இருக்கிறது.

பெயரை ஏன் மாற்றினார்கள்?

‘டிக்ஸி’ என்பது அடிமை முறை இருந்த அமெரிக்கத் தென்மாநிலங்களின் செல்லப் பெயர். 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட பிறகு எழுந்த நிறவெறி எதிர்ப்புப் போராட்டங்களின்போது, ஜூன் 25 அன்று அந்த வார்த்தையைத் தூக்கிவிட்டார்கள். நியூசிலாந்தில் 1960-களில் ‘தி சிக்ஸ்’ என்ற பெயரில் பாடிய சகோதரிகளிடம் அனுமதி பெற்றே பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

அதே மாதம் ‘லேடி ஆன்டபெல்லம்’ என்ற இன்னொரு கன்ட்ரி குழுவும் ‘லேடி ஏ’ என்று பெயர் மாற்றியது. ஆனால் சியாட்டில் நகரக் கருப்பினப் பாடகி அனிதா வைட் பல ஆண்டுகளாக அதே பெயரில் பாடிக்கொண்டிருந்தார். விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

கம்பேக் ஜெயித்ததா?

ஆல்பம் வந்ததும் பில்போர்டு 200 பட்டியலில் 3-வது இடம், கன்ட்ரி ஆல்பங்கள் பட்டியலில் முதல் இடம். இந்த முறை ரேடியோ பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. 2003-ல் ரேடியோ கையில் இருந்த சாவி, 2020-ல் கேட்பவரின் போனுக்கு வந்துவிட்டது.

2003-ல் ஒரு நாடே ‘நீ சொன்னது தப்பு, வாயை மூடு’ என்றது. பிறகு வீட்டுக்குள்ளேயே ‘நீ நினைப்பது தப்பு’ என்ற குரலைக் கேட்க வேண்டியிருந்தது என்கின்றன இந்தப் பாட்டுகள். இரண்டு இடத்திலும் நாட்டலி செய்தது ஒன்றுதான். தன் கண்ணால் பார்த்ததைத் தானே நம்பினார், அதைச் சத்தமாகச் சொன்னார்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

* கோபமாக இருக்கிறீர்களா? ‘கேஸ்லைட்டர்’.
* பிரேக்-அப் ஆன தோழிக்கு அனுப்ப வேண்டுமா? ‘ஜூலியானா காம் டவுன்’.
* போராட்டப் பாட்டு பிடிக்குமா? துப்பாக்கிக் கலாசாரத்துக்கு எதிரான மாணவர் பேரணியின் தாக்கத்தில் உருவான ‘மார்ச் மார்ச்’.
* அழுது தீர்க்க வேண்டுமா? ‘செட் மீ ஃப்ரீ’. ஹெட்போனில் கேளுங்கள். நாட்டலியின் குரல் எங்கெல்லாம் தளர்கிறதோ, அங்கெல்லாம் மற்ற இரண்டு குரல்களும் வந்து தாங்குவது தெளிவாகக் கேட்கும்.