பாதி வீடு

சிலி நாட்டின் வடக்கே, அட்டகாமா பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது இக்கிக்கே நகரம். அதன் நடுவில் அரை ஹெக்டேர் நிலத்தில் சுமார் நூறு குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாகப் பட்டா இல்லாமல் குடியிருந்தன. அங்கேயே அவர்களுக்கு வீடு கட்டித் தர அரசு முன்வந்தது. குடும்பத்துக்கு 7,500 டாலர்; நிலம், குழாய், கட்டடம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

கட்டடக் கலைஞர் அலெஹாண்ட்ரோ அராவெனாவின் எலமென்டல் குழு கணக்குப் போட்டது. தனி வீடுகளுக்கு இடம் போதாது. அடுக்குமாடியில் எல்லோரையும் அடக்கிவிடலாம். ஆனால் அதைப் பேச்சில் எடுத்தாலே உண்ணாவிரதம் இருப்போம் என்றார்களாம் குடியிருப்பவர்கள். மகனுக்குக் கல்யாணமானால் அடுக்குமாடியில் இன்னோர் அறையை எங்கே போய்ச் சேர்ப்பது?

வசதியாக வாழ சுமார் 80 சதுர மீட்டர் வேண்டும்; கையிலிருந்த பணத்துக்கு 40 தேறும். சின்ன வீடு ஒன்றைக் கட்டிக் கொடுப்பதைவிட, நல்ல வீட்டில் பாதியைக் கட்டினால் என்ன?

எந்தப் பாதி என்பதில்தான் சூட்சுமம். அடிக்கடி நிலம் நடுங்கும் நாடு அது. அஸ்திவாரம், சட்டகம், வீடுகளுக்கு நடுவே தீ பரவாமல் தடுக்கும் சுவர், படிக்கட்டு, சமையலறை, குளியலறை: ஒரு குடும்பம் தனியாகச் செய்தால் சொதப்பக்கூடியவை இவைதாம். இவற்றை அரசுப் பணத்தில், முழு வீட்டின் அளவுக்கே கட்டினார்கள். மாடிப் பகுதிகளுக்கு நடுவே அதே அகலத்துக்கு வெற்றிடம் விட்டார்கள். அங்கே தரையும் முன்பின் சுவரும் போட்டால் அறை தயார். மழை மிக அரிதான ஊர் என்பதால் பலகைகூடப் போதும்.

திட்டம் போடும்போதே குடும்பங்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினார்கள். குளியல் தொட்டி, வெந்நீர்க் கொதிகலன், இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருந்தது. குடும்பங்கள் கொதிகலனைத்தான் கேட்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் நினைத்தார்கள். குடும்பங்கள் கேட்டது தொட்டியை. புது வீட்டுக்கு வந்த கையோடு எரிவாயுவுக்குப் பணம் கட்ட அவர்களிடம் வழியில்லை. கொதிகலன் சும்மாதான் கிடக்கும். இது எந்த வரைபட மேசையிலும் தெரிந்திருக்காது.

2004-இல் குடியேறிய சில மாதங்களிலேயே வெற்றிடங்கள் நிரம்பத் தொடங்கின. ஒரே வரிசையில் வெவ்வேறு நிறம், வெவ்வேறு ஜன்னல். பார்க்கக் கொஞ்சம் ஒழுங்கில்லாமல்தான் இருக்கிறது; எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அரசு தன் கடமையைப் பாதியில் கைகழுவிவிட்டது என்று விமர்சிப்பவர்கள் உண்டு. தொகை போதாது என்பது உண்மை. ஆனால் அதே தொகையில் ஊருக்கு வெளியே மலிவு நிலத்தில் முழு வீடு கட்டியிருந்தால், வேலைக்கும் பள்ளிக்கும் போகும் பஸ் கட்டணத்தைக் குடும்பங்கள்தானே தினமும் கொடுத்திருக்கும்?