கலப்பையும் ஊர்தியும்

‘கலப்பை’ என்னும் சொல்லைக் கேட்டதும் உழவர்தம் ஏரே இன்று நம் நினைவுக்கு வருகிறது. சங்கப் புலவர்க்கு அச்சொல் வேறொரு பொருளையும் தந்தது. கலங்களை, அஃதாவது இசைக்கருவிகளை, இட்டுக் கட்டிய பையே கலப்பை எனப்பட்டது. யாழும் முழவும் குழலும் அப்பைக்குள் அடங்கிப் பாணரின் தோளில் ஊர்ஊராகச் சென்றன. பாணர் மறைந்தனர், கலப்பை மறையவில்லை. சேலம் மாவட்டத்தின் மேற்கே ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, மேச்சேரி, தாரமங்கலம், எடப்பாடி என விரியும் நிலப்பரப்பில், தெருக்கூத்துக் குழுவினரும் பொம்மலாட்டக் குழுவினரும் இன்றும் கருவிகளைக் கட்டிக்கொண்டு திருவிழா நடக்கும் ஊர்களுக்குச் செல்கின்றனர். தோள் சுமந்ததை இன்று ஊர்தி சுமக்கிறது.

அவ்வூர்தி எத்தகையதாக இருத்தல் வேண்டும்? இவ்வினா வணிகர்க்கு உரியது, தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன பங்கு என்று மாணவர் கேட்கலாம். கூத்தைப் பற்றி ஆய்வேடு எழுதும் நாம், கூத்தர் விடியற்காலையில் உயிருடன் வீடு திரும்புவதைப் பற்றியும் எண்ணுதல் கடமையாகும். மேலும், இவ்வினாவிற்கான அடிப்படை விதிகளை நம் இலக்கியமே கூறி வைத்துள்ளது.

இலக்கியம் தரும் மூன்று பாடங்கள்

முதற்பாடம் சமநிலை. நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், கூத்தர் எடுத்துச் செல்லும் கருவிகளின் பட்டியலோடு தொடங்குகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல் முதலியன பைகளில் இடப்பட்டுக் காவுதடியில் தொங்குகின்றன. அக்காட்சிக்குப் பலாமரத்தில் கொத்தாய்த் தொங்கும் காய்களை உவமை கூறும் புலவர், சுமை இருபுறமும் ஒத்த எடையாகக் கட்டப்பட்டிருந்தது என்பதையும் கூறத் தவறவில்லை. ஒருபுறம் கனத்தால் காவுதடி சாயும், வண்டியும் சாயும்.

இரண்டாம் பாடம் விரைந்து கட்டி எழும் வசதி. தகடூர் அதியமான் பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது, ஔவையார் வாயிற்காவலனை நோக்கிப் பாடிய பாடல் புறநானூற்றின் 206ஆம் பாட்டாகும். கலங்களைக் காவியாயிற்று, கலப்பையைச் சுருக்கியாயிற்று, இனி எத்திசைச் சென்றாலும் சோறு கிடைக்கும் என்று அவர் மொழிகிறார். தகடூர் என்பது நமக்கு அண்டையிலுள்ள இன்றைய தருமபுரியே. மதிப்பில்லாத இடத்திலிருந்து உடனே புறப்படும் உரிமை, கருவிகள் கைக்கு அடக்கமாக இருந்ததால்தான் அவருக்கு வாய்த்தது.

மூன்றாம் பாடம் முன்னெச்சரிக்கை. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழும் 102ஆம் பாட்டிலும் ஔவையார் ஒரு வண்டியையே காட்டுகிறார். எருதுகள் இளையவை; நுகத்தடியின் பழக்கம் இல்லாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதி. வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யார் அறிவார்? ஆகவே உப்பு வணிகர் அச்சுமரத்தின் கீழே மற்றோர் அச்சைச் சேமமாகக் கட்டிச் செல்கின்றனர். இன்று நம் ஓட்டுநர்கள் ‘ஸ்டெப்னி’ என்று அழைக்கும் மாற்றுச் சக்கரம், வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரின் ஸ்டெப்னித் தெருவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர் பெற்றது. அப்பெயர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே அக்கருத்து நம் பாட்டில் இடம்பெற்றுவிட்டது. இழுக்கும் ஆற்றல், ஏற்றும் சுமை, செல்லும் வழி, இடையில் நேரக்கூடிய பழுது ஆகிய நான்கையும் ஒருங்கே எண்ணிய அப்பாடலைவிடச் சிறந்த ஊர்தி இலக்கணம் வேறு வேண்டுமோ?

காவுதடி முதல் குட்டி யானை வரை

காவுதடிக்குப் பின் மாட்டுவண்டி வந்தது. நாடகக் குழுக்கள் பெருகிய காலத்தில் திரைகளும் பெட்டிகளும் ரயிலேறின. பின்னர்ச் சாலை ஊர்திகளின் காலம் பிறந்தது. பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் பெயரே சிறு சரக்கு வண்டிகளுக்கெல்லாம் பொதுப்பெயராகி, ‘டெம்போ’ என்னும் சொல் நம் பேச்சு வழக்கில் நிலைத்தது. அந்நிறுவனம் 2005இல் போர்ஸ் மோட்டார்ஸ் எனப் பெயர் மாறிய பின்னரும் மக்கள் வாயில் டெம்போ மாறவில்லை. 1984இல் மாருதி வேனும், 1986இல் டாட்டா 407 வண்டியும், 1987இல் டெம்போ டிராவலரும் வந்தன. 2005இல் டாட்டா ஏஸ் வந்தது. உருவிற் சிறிதாயினும் சுமக்க வல்லது என்பதால் தமிழர் அதற்குக் ‘குட்டி யானை’ எனப் பெயரிட்டனர். 2011இல் அசோக் லேலண்டு தோஸ்த் அவ்வரிசையில் சேர்ந்தது. இவற்றுள் எதனைத் தேர்வது என்பதே கேள்வி.

எடையா, இடமா?

சரக்கு வண்டி வாங்குவோர் முதலில் கேட்பது, ‘எத்தனை கிலோ தாங்கும்?’ என்பதே. சிமெண்டும் கம்பியும் ஏற்றுவோர்க்கு அது பொருந்தும். கூத்துக் குழுவினர் கேட்க வேண்டியது, ‘எத்தனை கன அடி கொள்ளும்?’ என்பதாகும். கூத்தின் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை போன்ற மென்மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லுகள் பதித்தவை. எடை குறைவு, அடைக்கும் இடம் மிகுதி, ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தி வைக்கவும் இயலாது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். 4 அடி நீளம், 2½ அடி அகலம், 2 அடி உயரமுள்ள அணிகலப் பெட்டிகள் இரண்டு 40 கன அடி கொள்ளும். ஆர்மோனியப் பெட்டி 5½, இரு மிருதங்கங்கள் 4, இரு ஸ்பீக்கர் பெட்டிகள் 24, ஆம்ப்ளிபயர் பெட்டி 6, சிறு ஜெனரேட்டர் 4½, தார்ப்பாயும் திரையும் சேர்ந்த கட்டு 12. ஆகக் கூடுதல் 96 கன அடி. பெட்டிகளுக்கு இடையே விழும் வெற்றிடத்திற்காகக் கால் பங்கு, அஃதாவது 24, சேர்த்தால் 120 கன அடியாகும். இவற்றின் எடையோ ஏறத்தாழ 330 கிலோ.

தொடக்கக் கால ஏஸ் வண்டி 750 கிலோ சுமக்கும். நம் சுமை அதிற் பாதிகூட இல்லை. ஆயினும் அதன் தளம் ஏறத்தாழ 7 அடி நீளமும் 5 அடி அகலமுமே கொண்டது. பக்கப் பலகையின் உயரம் ஓர் அடி. பலகை மட்டத்திற்கு 35 கன அடியே கொள்ளும். 120 கன அடியை ஏற்ற வேண்டுமாயின் சுமை மூன்றரை அடி உயரத்திற்கு எழும். கயிற்றின் வலிமையை நம்பியே நிற்கும். எடைக் கணக்கில் மிஞ்சிய வண்டி, இடக் கணக்கில் மட்டுமட்டாக நிற்பதைக் காண்கிறோம். தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்றவை ஒன்றிரண்டு அடி கூடுதல் நீளம் தருவதால் சுமையின் உயரம் குறையும். வளைவுகளில் சாயும் அச்சமும் குறையும். டாட்டா 407 இன்னும் பெரிது. பொம்மலாட்டக் குழுவிற்கு அஃது ஏற்றது. ஏனெனில் தமிழகப் பொம்மலாட்டப் பாவைகளுள் பெரியன நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் உடையவை. இருபது பாவைகளுக்கு 200 கிலோ என்றால், அங்கே இடத்தோடு எடையும் கணக்கில் வருகிறது.

நால்வர் மட்டுமே கொண்ட சிறிய பாட்டுக் குழுவிற்கு இத்துணைப் பெரிய ஊர்தி வேண்டுவதில்லை. மாருதி ஆம்னி 2019இல் நிறுத்தப்பட்டுவிட்டது. 2010இல் வந்த ஈக்கோவின் ஐந்து இருக்கை வகையில், பின்னிருக்கைக்குப் பின்னே ஆர்மோனியமும் தபேலாவும் வைக்க இடமுண்டு. எரிவாயுவில் ஓடும் வகையில் அவ்விடத்தில் ஒரு பகுதியைக் கலனே எடுத்துக்கொள்ளும் என்பதை வாங்குமுன் கருத வேண்டும்.

எதுவாயினும், விற்பனையாளர் தரும் அளவுத் தாளை நம்பி மட்டும் முடிவு செய்தல் ஆகாது. பெட்டிகளின் நீள அகலங்களை அளந்து, வீட்டு முற்றத்தில் சுண்ணாம்பால் வண்டித் தளத்தின் கோட்டை வரைந்து, அதனுள் பெட்டிகளை அடுக்கிப் பார்த்தல் நன்று. பத்தடி மூங்கில் ஏழடித் தளத்திற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பின்வருவோர் உயிருக்கு ஊறு. மூங்கிலைக் கூத்து நடக்கும் ஊராரிடமே பெற்றுக்கொள்ளுதல் தகும்.

கருவிகளின் இயல்பு

மிருதங்கத்தின் உடல் பலாமரம். இரு முகமும் தோல். அவற்றை இழுத்துக் கட்டியிருப்பதும் தோல்வார். ஈரக்காற்றில் தோல் தளரும், வெயிலில் இறுகும். சித்திரை வெயிலில் மூடிய இரும்பு வேனுக்குள் நண்பகல் முழுதும் கிடந்த மிருதங்கம் இரவில் சுருதி சேர மறுக்கும். ஆதலின் தோற்கருவிகளைக் கேபினுள் ஆளுக்கருகே வைத்தலும், இயலாவிடின் தடித்த துணியுறையிட்டுக் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தலும் வேண்டும். ஆர்மோனியத்தை நிமிர்ந்த நிலையில், அடியில் பஞ்சு மெத்தை இட்டு வைக்க வேண்டும். அதிர்ச்சி அதன் நாக்குகளைக் கெடுக்கும்.

ஜெனரேட்டரும் எரிபொருட் கலனும் தனித்து, திறந்த பகுதியில், கவிழாவண்ணம் கட்டப்பட வேண்டியவை. மூடிய வண்டிக்குள் ஜெனரேட்டரை ஓட்டுதல் உயிரைக் குடிக்கும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது. உறங்குவோர் உறக்கத்திலேயே மடிவர். கனமானவை கீழேயும், பின்னச்சுக்கு முன்னேயும், இலேசானவை மேலே, எடை இருபுறமும் ஒத்தவாறு. மலைபடுகடாம் கூறிய விதி இதுவே.

ஆட்களும் பொருள்களும்

இனிக் கூற வருவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. நாம் மேலே அளந்தது பொருளை மட்டுமே. பத்துப் பன்னிரண்டு கலைஞர் எங்கே அமர்வது? பெட்டிகளின் மேலே என்பதே பல இடங்களில் கிடைக்கும் விடை. கூத்து விடியும்வரை நடக்கும். ஒப்பனை கலைத்து, கண் விழித்த களைப்போடு, பெட்டிமேல் சாய்ந்து உறங்கிச் செல்கின்றனர். ஓட்டுபவரும் இரவெல்லாம் கூத்தைப் பார்த்து விழித்தவராக இருப்பின் அப்பயணத்தின் முடிவு யார் கையில் உள்ளது?

சரக்கு ஊர்தியின் பின்தளம் பயணிகளுக்கு உரியது அன்று. இது வெறும் அபராதத்தோடு முடியும் செய்தியும் அன்று. சரக்கு ஊர்தியில் பயணியாகச் செல்வோர்க்கு விபத்தில் இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதன்று என 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம், பொருளின் உரிமையாளர்க்கும் அவர்தம் அதிகாரம் பெற்ற பிரதிநிதிக்கும் மட்டுமே இடம் தருகிறது. பெட்டிமேல் அமர்ந்த பன்னிருவரையும் பொருளின் உரிமையாளர் எனல் இயலுமோ? கருணன் வேடமிட்டு இரவெல்லாம் வழங்கியவன் விடியலில் விபத்தில் மாண்டால், அவன் மனைவி மக்கள் வெறுங்கையோடு நிற்கும் நிலை நேரும்.

ஆதலின் பொருளுக்கு ஓர் ஊர்தி, ஆளுக்கு ஓர் ஊர்தி என்பதே விதியாதல் வேண்டும். செலவு கூடுமே என்பர். ஆட்கள் மாலைப் பேருந்தில் சென்று காலை முதற்பேருந்தில் திரும்பலாம்; பேருந்தில்லா ஊராயின், அழைக்கும் ஊராரிடம் பேசும்போதே வேன் வாடகையைத் தனியே கேட்டுப் பெறலாம். இருக்கைகளைக் கழற்றி ஒரே வேனில் இரண்டையும் அடக்க நினைப்போர், பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலின்றி மாற்றுதல் சட்டத்திற்குப் புறம்பானது என்பதை அறிதல் வேண்டும். ஓட்டுநர் இரவில் உறங்கியே தீர வேண்டும் என்பதையும் குழுவின் கட்டுப்பாடாக வைத்தல் நலம்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

தை முதல் ஆடி வரை திருவிழாக்கள் மிகுதி. மழைக்காலத்தில் கூத்து அருகும். வங்கித் தவணையோ பன்னிரு மாதமும் வரும். ஏழு திங்கள் வருவாயை நம்பிப் பன்னிரு திங்கள் கடன் எடுப்பது எருதின் இளமை அறியாது பண்டம் ஏற்றுவதை ஒக்கும். ஆண்டில் சில இரவுகளே கூத்து உடைய குழு வாடகைக்கு எடுத்தலே அறிவுடைமை. சொந்தமாக வாங்குவோர், கூத்தில்லா நாளிலும் உழைக்கும் வண்டியைத் தேர்தல் வேண்டும். ஜலகண்டாபுரம் நெசவு செழித்த ஊர். நூலும் துணியும் காய்கறியும் ஏற்ற ஆள் தேடும் ஊரில், திறந்த தளமுள்ள சிறு சரக்கு வண்டி மழைக்காலத் தவணையைத் தானே ஈட்டும். பயணிகள் வேனுக்கு அவ்வாய்ப்புக் குறைவு.

சட்டமும் இதற்குச் சற்று இடம் தருகிறது. மொத்த எடை 3000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு ஊர்திக்குப் பெர்மிட் தேவையில்லை என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. மொத்த எடை 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு ஊர்தியை இலகுரக வாகன உரிமம் உடையோரே ஓட்டலாம் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. ஆகவே கார் ஓட்ட உரிமம் பெற்ற குழு இளைஞர், தனி உரிமத்திற்கு அலையாமலே இவ்வண்டிகளை ஓட்டலாம்.

தொகுத்து நோக்கின், எடையினும் இடத்தை அளத்தல், கருவிகளின் இயல்பறிந்து அடுக்குதல், ஆளையும் பொருளையும் பிரித்தல், வருவாய்க்கு ஏற்பக் கடன் கொள்ளுதல் ஆகிய நான்கும் தெளிந்தால் எவ்வூர்தி என்பது தானே விளங்கும். களப்பணிக்குச் செல்லும் நம் மாணவர், கூத்தரின் பாட்டைப் பதிவு செய்வதோடு நில்லாது, ‘எதில் வந்தீர்கள்? எதில் திரும்புகிறீர்கள்?’ என்றும் கேட்பாராக. கலை வாழ வேண்டும் என்று மேடைகளில் முழங்குகிறோம். கலைஞர் வீடு சேர்ந்தால்தான் கலை வாழும்.