உங்களுக்குத் தெரியுமா? திரையில் ஓடும் மலை ரயில்

குற்றால மலைகளைக் கண்டவாறே தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகப் புனலூர் செல்லும், 1904இல் முழுமையாகத் திறக்கப்பெற்று 2018இல் முழுவதும் அகலப் பாதையாகப் புனர்ஜன்மம் எடுத்த இருப்புப்பாதையில் மனந்தோய்ந்த இளைஞர், அத்தகையதொரு பாதையைக் கணினித் திரையில் தாமே நிர்மாணிக்க விரும்பினால், அதற்குக் காசு செலவில்லாத சாதனமாக ‘ஓப்பன்டிடிடி’ என்னும் கணினி விளையாட்டு உண்டு. கிறிஸ் சாயர் சிருஷ்டித்து, 1995இல் விற்பனைக்கு வந்த ‘டிரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸ்’ விளையாட்டை, லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் 2004இல் ‘ஓப்பன்டிடிடி’ என்று கட்டற்ற மென்பொருளாக மறுபடைப்புச் செய்தார். சித்திரங்களும் ஒலிகளும் சுதந்திரமாகவே கிடைக்கலானபின், 2010 முதல் மூலவிளையாட்டின் துணையின்றியே அது இயங்குகிறது. பழைய கணினிகளோடு மறைந்திருக்கக்கூடிய கலைப்படைப்பொன்று பிழைத்ததோடு, மாணவர் எவரும் அதன் நிரலைப் படித்துத் திருத்தவும் உரிமை பெற்றனர். இதையே மகத்தான பிரயோஜனமாகக் கருதுகிறேன். தமிழ் மொழிபெயர்ப்பும் அதில் உண்டு. அதைச் செம்மைப்படுத்த நம் இளைஞர்கள் முன்வர வேண்டும்.