முட்டை உரிக்கும் நேரமும் பாடவேளைதான்

நெல்லைச் சீமையில் பால்வாடி என்றதும் சத்துமாவும் முட்டையும்தான் நினைவுக்கு வரும். வாரத்துக்கு மூன்று முட்டை. அதை வைத்து ஒரு பிள்ளைக்கு எவ்வளவு சொல்லிக்கொடுக்க முடியும் என்பதைச் சேரன்மகாதேவி பக்கம் ஒரு மையத்தில் பார்த்தேன்.

நாலு வயசுப் பையன். வலது கை சொன்னபடி கேட்காது. டீச்சர் முட்டையைத் தட்டி, மேலே காசளவு ஓட்டை மட்டும் பெயர்த்து அவன் முன்னால் வைத்தார். தட்டு நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. வராத கை முட்டையை அணைத்துக்கொள்ள, இடது கை உரித்தது. பக்கத்தில் இருந்த சிறுமி உதவிக்குக் கை நீட்டினாள். "அவனே உரிச்சிருவான், நீ சாப்பிடு தாயி" என்றார் டீச்சர். மற்ற பிள்ளைகள் கை கழுவப் போய்விட்டார்கள். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

ஆரம்பத்தில் முட்டை முழுவதையும் டீச்சரே உரித்து, கடைசித் துணுக்கை மட்டும் அவனுக்கு விட்டுவைப்பாராம். பிறகு கால்வாசி, அப்புறம் பாதி. வேலையை முடித்த சந்தோஷம் முதல் நாளிலேயே பிள்ளைக்குக் கிடைத்துவிடுகிறது. எப்போதாவது ஒருநாள் சிகிச்சை மையத்துக்குப் போய்ச் செய்யும் பயிற்சி வேறு. பசியோடு உட்கார்ந்திருக்கும்போது கைக்குக் கிடைக்கும் பயிற்சி வேறு.

செருப்பைக் கழற்றுவது, பாய் விரிப்பது, குழாயைத் திறந்து மூடுவது எல்லாமே இப்படித்தான். காது கேளாத பிள்ளை இருக்கும் வகுப்பில் டீச்சர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கக்கூடாது. வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தால்தான் உதட்டசைவு தெரியும். விளையாட்டை விட்டு எழுப்பினால் அலறும் பிள்ளையின் கையில் முன்கூட்டியே அவன் தட்டைக் கொடுத்துவிட்டால், அடுத்து சாப்பாடு என்று புரிந்துகொள்வான்.

இதெல்லாம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. சிற்றாற்றுப் படுகையில் ஆய்க்குடியில், 1975இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிப் போய்ப் பெற்றோருக்கே பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கென 2023இல் மத்திய அரசு அங்கன்வாடி நெறிமுறையும் வெளியிட்டிருக்கிறது. பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே சிறப்புப் பள்ளிகள் உண்டு. அங்கேதான் முழுப் பயிற்சி கிடைக்கும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

என் கவலை வேறு. பிள்ளையின் வேலையை நாம் செய்துவிடுகிறோம். வாசலில் கொண்டுவந்து விடும் ஆச்சி, "பாவம் டீச்சர், நீங்களே ஊட்டி விட்டுருங்க" என்கிறாள். பாசம்தான், குறை சொல்ல மனசு வரவில்லை. மையத்திலோ ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். சோறு பரிமாறி, பாத்திரம் கழுவி, வருகையை செல்போனில் ஏற்றி முடிக்க வேண்டும். ஊட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். அவனே சாப்பிட்டால் அரை மணி நேரம். அவசரமும் பாசமும் சேர்ந்துகொள்ள, பிள்ளை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அதே பிள்ளை ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். தண்ணீர் பாட்டிலைத் திறக்கத் தெரியாது, கழிப்பறைக்குப் போகணும் என்று சொல்லத் தெரியாது. கூட ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் சேர்க்கிறோம் என்கிறது பள்ளி. அம்மா வாழைத்தோட்டத்துக்கோ பீடி சுற்றவோ போனால்தான் அடுப்பு எரியும் என்ற வீட்டில், அந்தப் படிப்பு அதோடு நின்றுபோகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவன் பக்கம் இருந்தும் இதுதான் நடக்கிறது.

இப்படிப்பட்ட பிள்ளை இருக்கும் மையத்தில் மதியச் சாப்பாட்டு வேளைக்கு மட்டுமாவது கூடுதலாக ஒரு ஆள் வேண்டும், ஊட்டிவிட அல்ல, மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்ள. அப்போதுதான் டீச்சரால் கையைக் கட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார முடியும். சாயங்காலம் கூட்டிப்போக வரும் ஆச்சியும் "சாப்பிட்டானா?" என்பதோடு, இன்றைக்கு எதுவரை அவனே செய்தான் என்றும் டீச்சரிடம் கேட்கட்டும்.