மருத்துவர் மாறும்போது வலியை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டுமா?

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து திருவனந்தபுரம் சுமார் 45 கிலோமீட்டர். ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதைவிடச் சற்று அருகில். 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை இரண்டு ஊர்களும் ஒரே மாநிலத்தில் இருந்தன. இன்று களியக்காவிளையில் ஒரு மாநில எல்லை குறுக்கே நிற்கிறது. புற்றுநோய் என்றதும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்வது இப்பகுதி மக்களின் நெடுநாள் வழக்கம். சிகிச்சை முடிந்தோ, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டோ அவர்கள் ஊர் திரும்புகிறார்கள். வலி அவர்களோடு திரும்புகிறது. அதற்கான மருந்தை எழுதித் தரும் மருத்துவர் எல்லைக்கு அப்பால் தங்கிவிடுகிறார்.

ஒருவரை எண்ணிப் பார்ப்போம். முந்திரி ஆலையில் உழைத்த தலித் பெண். நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் மார்பின் மாத்திரை. இரண்டு வாரத்துக்குத் தந்து அனுப்புகிறார்கள். அடுத்த முறை எல்லை தாண்டிச் செல்ல உடலில் வலுவில்லை, கையில் பணமுமில்லை. அருகிலுள்ள மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் வரிசையில் நின்று, மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். "இந்த மாத்திரை உனக்கு எதுக்கு?" என்ற கேள்வி வருகிறது. முன்னால் நின்றவருக்கு 'நீங்கள்', இவருக்கு 'நீ'. இவர் ஒரு கற்பனைப் பாத்திரம். ஆனால் அந்த 'நீ' கற்பனையன்று என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வசதி உள்ளோருக்கு மருத்துவரை மாற்றுவது ஒரு தெரிவு. ஏழை நோயாளி தாமாக மருத்துவரை மாற்றுவதில்லை. அரசு மருத்துவர் பணியிட மாற்றத்தில் போகிறார். பயிற்சி மருத்துவர்கள் சுழற்சியில் மாறுகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் வலி புதிதாக மெய்ப்பிக்கப்பட வேண்டியதாகிறது. வலியைக் காட்டும் எக்ஸ்ரே எதுவும் இல்லை. நோயாளியின் சொல் ஒன்றே சான்று. யாருடைய சொல் நம்பப்படும் என்பதை இந்தச் சமூகத்தில் எது தீர்மானிக்கிறது என்பதும் நாம் அறிந்ததே.

மருத்துவரின் அச்சத்துக்கும் காரணம் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையான தண்டனைகளையும் பல துறைகளின் உரிமங்களையும் கொண்டுவந்தது. விளைவாக, 1985க்கும் 1997க்கும் இடையே நாட்டின் மருத்துவ மார்பின் பயன்பாடு ஏறத்தாழ 97 விழுக்காடு சரிந்தது. மத்தியப் பிரதேசத்திலும் இராசத்தானிலும் உத்தரப்பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகி, நீமச்சிலும் காசிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகளில் அபின் பதப்படுத்தப்பட்டு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த காலம்தான் அது. 2017இல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கையின்படி, இந்தியாவுக்குத் தேவையான வலிநீக்க அபின்வகை மருந்தில் 4 விழுக்காடே கிடைக்கிறது. அமெரிக்காவில் இம்மருந்துகள் அளவின்றி எழுதப்பட்டதால் விளைந்த சாவுகளின் செய்தியைப் படித்துவிட்டு, இங்கே வேண்டிய அளவைக்கூட எழுத மறுப்பது பொருந்தாத பாடம். அமெரிக்காவிலேயே, மருந்தைத் திடீரென நிறுத்துவதால் கடும் துன்பமும் தற்கொலையும் நேர்கின்றன என்று அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் எச்சரிக்க நேர்ந்தது.

சட்டமும் 1985இல் நின்றுவிடவில்லை. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் மார்பின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறையும் இன்றியமையா மருந்துகள் என வகைப்படுத்தியது. 2015இன் விதிகளின்படி, வலிநீக்கத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் உள்ள மருத்துவமனை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் அங்கீகாரம் பெற்றால் போதும். முறையான சீட்டின்பேரில் வழங்கப்பட்ட மாத்திரையை நோயாளி வைத்திருப்பது குற்றமன்று. தமிழகத்தில் 'வலி நிவாரணி மாத்திரையுடன் இளைஞர் கைது' என்ற செய்திகள் அடிக்கடி வரும் இந்நாளில், சேரியில் வாழும் நோயாளியின் குடும்பத்தார் இதை அறிந்திருப்பதும் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பதும் அவசியம். சற்றுக் குறைந்த வீரியம் கொண்ட ட்ரமடாலும் 2018 முதல் இச்சட்டத்தின் கீழ்தான் வருகிறது.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கியாக வேண்டும். வாரக்கணக்கில் மார்பின் உட்கொள்ளும் எவருடைய உடலும் அதற்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, நடுக்கம் வரும், வலி பெருகும். இது உடற்சார்பு. தீங்கு விளைவது தெரிந்தும் மருந்தைத் தேடி ஓடும் கட்டுப்பாடற்ற நிலையே அடிமைத்தனம். மாத்திரை தீர்ந்து மூன்றாம் நாள் வியர்வையோடும் பதற்றத்தோடும் வந்து நிற்பவரைப் 'போதைக்காரர்' என்று முடிவுகட்டுவது, மருத்துவத்துறை தானே உண்டாக்கிய அறிகுறிக்கு நோயாளியைத் தண்டிப்பதாகும்.

எனவே மாத்திரை தீரும்வரை காத்திராமல், இரண்டு வாரம் முன்பே பழைய மருத்துவரிடம் ஒரு மாற்றுக் கடிதம் கேட்க வேண்டும். நோயின் பெயர், மருந்து, ஒரு வேளை அளவு, எத்தனை மணிக்கொருமுறை, எப்போது தொடங்கியது, கடைசியாக எத்தனை மாத்திரை எந்த நாளில் தரப்பட்டது, உடன் உட்கொள்ளும் பிற மருந்துகள் – குறிப்பாகத் தூக்க மாத்திரை – ஆகியவை அதில் இருக்கட்டும். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்கள் தரப்பட வேண்டும். மலையாளமோ தமிழோ தடையாகாதபடி கடிதம் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் மருந்து வாங்குவது ஐயத்தை வளர்க்கும், உயிருக்கும் கேடு. சில நாள் மருந்து தடைப்பட்டிருந்தால் பழைய அளவைத் தாமாக மீண்டும் தொடங்கக் கூடாது. பழக்கம் தளர்ந்த உடலில் அந்த அளவே மூச்சை அடக்கிவிடலாம். புதிய மருத்துவரிடம் நாள் தவறியதைச் சொல்லியாக வேண்டும். அவர் அளவைக் குறைக்க விரும்பினால் படிப்படியாகக் குறைப்பதே முறை.

தாளுக்கு அப்பால் உள்ளதற்கு என்ன செய்வது? பட்டியல் சாதியினரை மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பதை, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வெளிப்படையாகக் குற்றமாக்குகிறது. ஆனால் கதவைத் திறந்துவிட்டு, நாற்காலியில் அமரச் சொல்லாமல், சொன்ன வலியைக் குறிப்பேட்டில் எழுதாமல் அனுப்புவதை எந்தப் பிரிவில் பதிவது? இங்கே நமக்குக் கிடைக்கும் கருவி எளியது: மறுப்பை எழுத்தில் கேட்பது. 'மருந்து தரவில்லை, காரணம் இது' என்று சீட்டில் எழுதித் தரும்படி, துணைக்குச் செல்லும் ஒரு கல்லூரி மாணவர் பணிவாகக் கேட்கலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளிகள் உரிமைப் பட்டயம், பாகுபாடற்ற சிகிச்சையையும் வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதையும் உரிமைகளாகக் கூறுகிறது.

கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநீக்க இயக்கம், 2008இல் மாநிலக் கொள்கையாகி ஊராட்சிகள் வழியே வீடுகளுக்குச் சென்றது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டிலேயே வலிநீக்கப் பராமரிப்பு இடம்பெற்றுள்ளது. வீட்டுக்கு வரும் செவிலியரின் பதிவேட்டில் வலியின் அளவும் மாத்திரையின் அளவும் வாரந்தோறும் ஏறினால், மருத்துவர் மாறும் நாளில் நோயாளியின் சொல் தனியே நிற்காது. மார்பின் வழங்க அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மாவட்டத்தில் எவை என்ற பட்டியலை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் தமிழில் ஒட்டக் கோரி, முதலில் ஒரு மனு அளிக்கலாம்.